மேசைப் பலகை வெடிப்பு அடைத்தல்

மரப் பலகையில் விழுந்த வெடிப்பைப் பிசினால் நிரப்பி, இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, மெருகேற்றும் தச்சு வேலை. சென்னையில் மேற்கு மாம்பலம், தியாகராய நகர், மயிலாப்பூர்ப் பகுதிகளின் பழைய வீடுகளில் எஞ்சியுள்ள தேக்கு மேசைகளுக்கு இவ்வேலை இன்றும் தேவைப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். இந்த அசைவு ரேகைக்குக் குறுக்கே அதிகம், நீளவாட்டில் மிகக் குறைவு. எனவே வெடிப்பு பெரும்பாலும் பலகையின் முனையில் தொடங்கி, ரேகை வழியே உள்ளே ஓடும்.

அடைப்புப் பொருள்கள் மூவகை: விலங்குப் பசை, பூச்சிப் பிசின், செயற்கைப் பிசின். முதல் வகையான வச்சிரம் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. மரத்தூளோடு குழைத்து அடைப்பார்கள். ஈரம் பட்டால் இளகிவிடும்.

இரண்டாம் வகையான அரக்கே இவற்றுள் சிறந்தது. கெரியா லாக்கா என்னும் செதிற்பூச்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் இது. இலந்தை, புரசு முதலிய மரங்களின் இளங்கிளைகளில் பூச்சி வளரும். கிளையிலிருந்து சுரண்டிய அரக்கைக் கழுவி, நீண்ட துணிப்பையில் இட்டு, கரி நெருப்பின் முன் முறுக்குவார்கள். துணியின் இழைகள் வழியே கசியும் குழம்பைத் தகடாக்கி, ஒரு தொழிலாளி கைகளாலும் கால்களாலும் பற்களாலும் பிடித்துக் கண்ணாடிபோல் மெலிய இழுப்பார். அது உடைந்து கிடைப்பதே அவலரக்கு. செயற்கைச் சாயங்கள் வரும்வரை, கழுவுநீரில் இறங்கிய சிவப்புச் சாயத்துக்கும் பெருமதிப்பு இருந்தது. ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924-இல் இந்திய அரக்கு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. காய்ச்சிய கத்தியால் அரக்குக் குச்சியை உருக்கி வெடிப்பில் இறக்கினால், தேக்கின் கரும்பழுப்பு ரேகையோடு அது இழைந்துவிடும். அதே அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி சுற்றிய பஞ்சால் தேய்ப்பதே பிரெஞ்சு பாலிஷ்.

மூன்றாம் வகையில் முதன்மையானது எபாக்சி. 1930-களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தான் இதை உருவாக்கினார். சீபா நிறுவனம் 1946-இல் அரால்டைட் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். அதனால் வெடிப்பின் உட்சுவரைத் தின்னரால் துடைத்த பிறகே பிசின் ஊற்ற வேண்டும். முதலில் சுவரில் மெல்லிய பூச்சு கொடுத்தால் மரத்துளைக் காற்று குமிழாகக் கிளம்பாது. ஆழமான வெடிப்பை ஒரே ஊற்றில் நிரப்பினால் பிசின் சூடேறிக் கெடும்.

தேய்ப்பில்தான் இவ்வேலை நிற்கும் அல்லது கெடும். அரைகுறையாக இறுகிய பிசின் உப்புத்தாளில் பசையாக ஒட்டும். மழைக்காலத்தில் மேலே மெழுகுபோன்ற படலம் படிவதுண்டு. அதை வெந்நீரால் கழுவிய பின்பே தாள் வைக்கலாம். மரமும் பிசினும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. விரலால் அழுத்தித் தேய்த்தால் மென்மையான பக்கம் குழிந்துவிடும். தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, ரேகைப் போக்கிலேயே ஓட்ட வேண்டும். 80-ஆம் எண் தாளில் தொடங்கி 120, 180, 240, 320 எனப் படிப்படியாக ஏறுவது முறை. ஒரு படியைத் தாவினால் பழைய கீறல், மெருகு ஏறியதும் பளிச்சென்று தெரியும். இடையில் ஊசித்துளை திறந்தால் பிசின் தொட்டு அடைத்து, இறுகவிட்டு, மீண்டும் தேய்ப்பார்கள். ஒளிபுகும் பிசினாயின் அந்தக் கோட்டை மட்டும் வாட்டர் பேப்பரில் நீர் தொட்டு 400-க்கு மேலும் கொண்டுபோவதுண்டு. வாட்டர் பேப்பரின் மணல், 1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் ஆச்சிசன் செய்த சிலிக்கன் கார்பைடு. சென்னையில் உப்புத்தாளும் சாணைக்கல்லும் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் தொடங்கப்பட்டது. தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் கட்டாயம்.

எண்ணெயும் மெழுகும் மரத்தில்தான் இறங்கும், பிசினில் இறங்காது; இரண்டும் ஒரே பளபளப்பு பெற மேலே படலமாக நிற்கும் மெருகு வேண்டும். அதற்குப் பழைய தேக்கில் அவலரக்கே பொருந்தும். சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்றாலும், அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட் பஞ்சால் மீட்கலாம். இப்போது பாலியூரித்தேன் பூச்சும், நடுவே வண்ண எபாக்சி ஊற்றிய மேசைகளும் வழக்கில் உள்ளன.