கிளீவ்லாந்து பள்ளிவரி வாக்கெடுப்பு (2012)

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில், பொதுப்பள்ளிகளுக்காகக் கூடுதல் சொத்துவரி விதிக்கலாமா என்று மக்களிடம் கேட்டு 2012 நவம்பர் 6 அன்று நடந்த வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் இதன் பெயர் 'இஷ்யூ 107'. வரி நிறைவேறியது. பள்ளிகளின் அன்றாடச் செலவுக்காக 1996-க்குப் பிறகு இந்நகரத்தார் ஒப்புக்கொண்ட முதல் புதிய வரி இதுவே.

ஒஹாயோவில் பள்ளிவரி கேட்பது ஓயாத வேலை. வீட்டு மதிப்பு உயர்ந்தாலும் பழைய வரியின் வருவாய் அதோடு சேர்ந்து உயராதபடி 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. சம்பளமும் பேருந்துச் செலவும் அப்படி நிற்பதில்லை. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி நிர்வாகம் வாக்காளர் முன் கை நீட்ட வேண்டியிருக்கிறது. இந்த நிதிமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1997-இல் டிரோல்ஃப் வழக்கில் தீர்ப்பளித்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

இப்படிக் கேட்கப்படும் வரியை வாக்காளருக்கு விளக்குவதில்தான் பத்திரிகைகளின் பங்கு வருகிறது. வரி 15 மில், அதாவது 100 டாலர் மதிப்பீட்டுக்கு 1.50 டாலர் என்றது சட்ட வாசகம். இதைப் படித்து எந்த வீட்டுக்காரருக்கு என்ன விளங்கும்? கணக்கைப் பிரித்தால்தான் தெளியும். 64,000 டாலர் பெறும் வீட்டில் வரிக்கு உரியது 35 விழுக்காடான 22,400 டாலர். அதற்கு 15 மில் என்றால் 336 டாலர். சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு அன்றிருந்த 12.5 விழுக்காடு சலுகை போக, ஆண்டுக்கு 294 டாலர். தலையங்க ஆதரவைவிட இந்தக் கணக்கை அச்சிடுவதே வாசகருக்குச் செய்யும் பெரிய உதவி. நகரின் பிளெயின் டீலர் நாளிதழ் வரியை ஆதரித்துத் தலையங்கமும் எழுதியது.

வரிக்கு ஆதரவு திரட்டும் பிரசாரத்துக்குப் பள்ளி நிர்வாகம் பொதுப்பணத்தைச் செலவிடச் சட்டம் இடம் தருவதில்லை; ஆகவே வெளியார் நன்கொடைதான் வழி. இத்தகைய வாக்கெடுப்புகளில் நிறுவனங்கள் செலவிடலாம் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் பெல்லோட்டி வழக்கில் உறுதிசெய்தது. கிளீவ்லாந்தில் வணிகர் அமைப்பான கிரேட்டர் கிளீவ்லாந்து பார்ட்னர்ஷிப், மேயர் ஃபிராங்க் ஜாக்சனின் பள்ளிச் சீர்திருத்தத் திட்டத்தோடு இணைந்து நின்றது. ஆசிரியர் சங்கமும் வரியை ஆதரித்தது. 15 மில்லில் ஒன்று, நகரின் பள்ளி நிர்வாகத்தோடு கைகோத்த சார்ட்டர் பள்ளிகளுக்கு (பொது நிதியில் தனி நிர்வாகத்தில் இயங்குபவை) ஒதுக்கப்பட்டது.

நிறுவன ஆதரவை எடைபோடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நிறுவனங்களின் இயந்திரங்கள், சரக்கு இருப்பு மீதான வரியை ஒஹாயோ 2005 முதல் படிப்படியாக நீக்கியது. அந்த வரியில் பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. நன்கொடையைப் பாராட்டும் செய்தியில் இதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே விதிக்கப்பட்ட இவ்வரியை வாக்காளர்கள் 2016-இல் புதுப்பித்தனர். 2020-இல் மேலும் 5 மில் கூட்டித் தந்தனர்.