காவிரிக் கரையில் அணியும் பலாகாவும்

நோன்பு பற்றிய இறைவசனம் ஒன்றில், வைகறையில் உணவை நிறுத்த வேண்டிய நேரம் இரண்டு நூல்களைக் கொண்டு உணர்த்தப்படுகிறது. கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் பிரிந்து தெரியும் வரை உண்ணலாம், பருகலாம் என்பது அதன் கருத்து. இதனைச் செவியுற்ற அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கயிறுகளைத் தம் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு இரவில் பார்த்தார்கள். எதுவும் பிரிந்து தெரியவில்லை. காலையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று இதைச் சொன்னார்கள். அங்கே குறிக்கப்பட்டவை இரவின் இருளும் பகலின் வெண்மையுமே என்று பெருமானார் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

அதீ (ரலி) அரபு மொழி அறியாதவர் அல்லர். கொடைக்கும் கவிதைக்கும் பெயர்பெற்ற ஹாதிம் தாயீயின் மைந்தர். அத்தகையவருக்கே ஓர் உருவகம் தடுமாற்றம் தந்தது என்றால், தாய்மொழியாய் இருப்பதனால் மட்டும் அணி விளங்கிவிடாது என்பது தெளிவு. அதை விளக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் அன்று என்ன செய்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. உருவகம் என்றால் என்ன என்று இலக்கணம் கூறவில்லை. எடுத்துக்கொண்ட சொல்லின் பொருளைத் திறந்து காட்டினார்கள்.

முப்பதாண்டுகளாக அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு இல்முல் பலாகாவை ஓதிக்கொடுத்து வருகிறேன். அவர்களுள் பலர் பள்ளியில் அணியிலக்கணம் படித்துவிட்டே வருகின்றனர். உவமையணியின் இலக்கணத்தை ஒரு மூச்சில் ஒப்பிப்பார்கள். புதிய பாட்டொன்றைக் கொடுத்து அதில் உள்ள அணி யாது என்று கேட்டால் விழிப்பார்கள். இது அவர்கள் குறையா, கற்பித்த முறையின் குறையா என்ற கேள்விக்கு, நாம் வாழும் இக்காவிரிப் படுகையின் வரலாறே ஒரு விடை தருகிறது.

சோழநாட்டில் அணியிலக்கணம்

தொல்காப்பியம் உவமைக்கென ஓர் இயலையே வகுத்தது. தொழில், பயன், வடிவம், நிறம் என்னும் நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்பது அதன் கொள்கை. அணியைத் தனி இலக்கணமாக விரித்த நூல்கள் சோழர் காலத்தில் எழுந்தன. வீரராசேந்திரன் (1063 - 1070) காலத்தில் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் வீரசோழியத்தை இயற்றினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அலங்காரம் என ஐந்திலக்கணமும் கூறும் நூல்களில் நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. அடுத்து வந்தது தண்டியலங்காரம். காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி வடமொழியில் எழுதிய காவியாதர்சமே இதற்கு மூலம். அந்நூல் கன்னடத்துக்கும் சிங்களத்துக்கும் திபெத்துக்கும் சென்றது, சோழநாட்டில் தமிழானது. தண்டியலங்காரத்தின் எடுத்துக்காட்டுப் பாடல்களில் அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கனின் பெயர் வருவதால் அதன் காலம் 12ஆம் நூற்றாண்டு எனக் கொள்வர். பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என மூன்று பகுதிகளும், தன்மை முதல் பாவிகம் ஈறாக 35 பொருளணிகளும் கொண்டது அந்நூல்.

பதினேழாம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கம் செய்தார். அதிலும் அணிக்கு இடமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தம் தொன்னூல் விளக்கத்தில் அணியைச் சேர்த்தார். பௌத்தரும் சைவரும் கிறித்தவரும் வந்து கற்றும் கற்பித்தும் சென்ற கல்வி இது. முஸ்லிம்களும் அதில் விலகி நிற்கவில்லை.

மாயூரமும் நாகூரும்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815 - 1876) மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் இருந்து பாடம் சொன்னவர். அவருடைய நெருங்கிய நண்பர்களுள் ஒருவர் மாயூரத்தில் முன்சீபாக இருந்த கிறித்தவர் வேதநாயகம் பிள்ளை. அவருடைய மாணவர் வரிசையில் புதுச்சேரிச் சவராயலு நாயகர் என்னும் கிறித்தவரும், நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833 - 1908) என்னும் முஸ்லிமும் உண்டு. நாவலர் பின்னாளில் நாகூர்ப் புராணம், நாகூர்க் கலம்பகம் முதலிய நூல்கள் பலவற்றை இயற்றினார். புராணமும் கலம்பகமும் அணியின்றி அமையாதவை. அவ்வணிகளைத் தமிழ்ப் புலவர் ஒருவரிடம் பயின்று, நாகூர் ஆண்டகை மீதும் மதீனாவின் மீதும் அவர் பாடினார்.

பிள்ளையவர்கள் எப்படிக் கற்பித்தார் என்பதை, 1871இல் மாயூரம் சென்று அவரிடம் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் தம் நூல்களில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அங்கே அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை போன்ற பிரபந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடமாயின. பாட்டைப் படித்து, சொற்களைப் பிரித்து, பொருள் கண்டு, நயம் உணர்ந்து சென்றனர். திரிபும் யமகமும் நிறைந்த அந்தாதிகளைப் படிக்கும் மாணவன் மடக்கணியின் இலக்கணத்தைக் கேட்பதற்கு முன்பே அதனை நூறு முறை கண்டுவிடுவான். பெயர் பிறகு வரும்போது, ஏற்கனவே அறிந்த ஒருவருக்குப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வது போல் இருக்கும்.

ஜுர்ஜானிலிருந்து ரஷீத் வரை

பலாகாவின் வரலாறு இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. அப்பாசிய இளவரசர் இப்னுல் முஅதஸ் ஹிஜ்ரி 274இல் (கி.பி. 887) கிதாபுல் பதீஃ என்னும் நூலில் அணிகளைத் தொகுத்தார். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ (ரஹ்) அவர்கள் அஸ்ராருல் பலாகா, தலாயிலுல் இஃஜாஸ் என்னும் இரு பெரும் நூல்களைத் தந்தார்கள். சொற்களின் அழகு தனிச்சொல்லில் இல்லை, அவை ஒன்றோடொன்று இணையும் நள்மு என்னும் அமைப்பில் இருக்கிறது என்று அவர்கள் நிறுவினார்கள். பாட்டுப் பாட்டாக எடுத்து, ஒரு சொல் இடம் மாறினால் பொருள் எப்படி மாறுகிறது என்று காட்டிச் செல்வது அவர்கள் முறை. சுவையுணர்வு இல்லாதவனுக்கு இக்கல்வி பயன்படாது என்பதும் அவர்கள் கருத்து.

பின்னர் ஸக்காக்கீ (மறைவு 1229) மிஃப்தாஹுல் உலூமில் இதனை வகுத்து ஒழுங்கு செய்தார். கஸ்வீனீ (மறைவு 1338) அதனைச் சுருக்கித் தல்கீஸ் எழுதினார். தஃப்தாஸானீ அதற்கு விரிவுரையும், பின் அவ்விரிவுரையின் சுருக்கமான முக்தஸருல் மஆனீயும் எழுதினார். நம் நாட்டு மத்ரஸாக்களில் தலைமுறைகள் ஓதியது இந்த முக்தஸரையே. நுட்பத்தில் அதற்கு இணை குறைவு. ஆனால், வரைவிலக்கணத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் தடையும் விடையுமாகச் செல்லும்போது, எந்தப் பாட்டுக்காக இந்த இலக்கணம் பிறந்ததோ அந்தப் பாட்டு ஓரத்தில் நின்றுவிடுகிறது. நான் மாணவனாய் இருந்தபோது இஸ்திஆராவின் வகைகளை விரல்விட்டு எண்ணுவேன். ஓர் இஸ்திஆராவைப் படித்து மகிழ்ந்த நினைவு இல்லை.

இந்நிலையை மாற்றிய நூல் இருபதாம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்தது. அலீ அல்ஜாரிம் (1881 - 1949), முஸ்தஃபா அமீன் ஆகிய இருவரும் பள்ளி மாணவர்களுக்கென எழுதிய அல்பலாகத்துல் வாளிஹா என்பதே அது. முதலில் எடுத்துக்காட்டுகள், அடுத்து ஆராய்ச்சி, அதன்பின் விதி, இறுதியில் பயிற்சி என்பது அதன் வரிசை. அல்ஜாரிம் பிறந்த ரஷீத் என்னும் ஊர் நைல் நதி கடலோடு கலக்கும் கழிமுகத்தில் உள்ளது. அந்தக் கழிமுகத்தின் ஆசிரியர் வகுத்த முறையும், இந்தக் கழிமுகத்தில் மாயூரத்துப் புலவர் கையாண்ட முறையும் ஒன்றையொன்று அறியாமலே ஒன்றுபட்டன. முதலில் பாட்டு, பிறகு பெயர்.

அருகருகே இரு வாய்க்கால்கள்

இவ்விரு கல்விகளும் நம் மாணவர் உள்ளத்தில் அருகருகே ஓடியும் கலவாத வாய்க்கால்களாக இருப்பதே வருத்தத்திற்குரியது. தஷ்பீஹின் நான்கு உறுப்புகள், உவமையின் நான்கு உறுப்புகளே: பொருள், உவமை, உவம உருபு, பொதுத்தன்மை. பின்னிரண்டும் மறையும்போது அரபியில் தஷ்பீஹ் பலீஃ என்பர். தமிழில் அது உருவகத்தை ஒட்டி நிற்கும். லஃப்பு நஷ்ரு நம் நிரல்நிறை. தவ்ரியா நம் சிலேடை. ஜினாஸ் நம் மடக்கை ஒத்தது. ஹுஸ்னுத் தஃலீல் என்பது இயற்கை நிகழ்ச்சிக்குக் கவிஞன் தன் கருத்தைக் காரணமாக்குவது. மதுரை மதிலின் கொடிகள் கோவலனை வரவேண்டாமெனக் கைகாட்டி மறித்ததாகப் பள்ளியில் படித்த தற்குறிப்பேற்றம் நினைவிருக்கும் மாணவனுக்கு இதை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

மஜாஸ் முர்ஸல் இன்னும் எளிது. நன்னூலார் வழியில் ஆகுபெயர் பதினாறு வகை. யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தம் தந்தையிடம் ஊரையே விசாரித்துப் பாருங்கள் என்ற பொருள்படக் கூறுவது நமக்கு இடவாகுபெயர். அடிமையை விடுவிப்பதைக் கழுத்தை விடுவிப்பது என்னும் குர்ஆனிய வழக்கு சினையாகுபெயர். நடவுக்குத் தலைக்கு இவ்வளவு கூலி என்று நம் வயல்களில் பேசுவதும் அதுவே. தந்தை பேசும் கூலிக் கணக்கில் மஜாஸ் இருக்கிறது என்று தெரியவந்த நாளில் ஒரு மாணவர் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் மறக்கவில்லை.

கினாயாவில் வேறொரு சிக்கல். சாம்பல் மிகுந்தவர் என்றால் கொடையாளி என்பது எல்லாக் கிதாபுகளிலும் வரும் எடுத்துக்காட்டு. விருந்தினர் பலர், அதனால் சமையல் மிகுதி, அதனால் விறகு மிகுதி, அதனால் சாம்பல் மிகுதி. எரிவாயு அடுப்பு மட்டுமே கண்ட பிள்ளைகள், வீடு தீப்பற்றிய ஏழை என்று பொருள் கொண்டார்கள். உங்கள் வீட்டில் இப்படிப் பேசுவதுண்டா என்று கேட்டேன். உழவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், உழைக்காதவரைத் தம் பாட்டனார் சேறு படாத கால் என்பார் என்றார். காலில் உண்மையாகவே சேறு படாமலும் இருக்கலாம். நேர்ப்பொருளும் பொருந்தக்கூடும் என்பதே கினாயாவை மஜாஸிலிருந்து பிரிக்கும் எல்லை. வரைவிலக்கணத்தின் கடினமான பகுதியை அந்தப் பாட்டனார் விளக்கிவிட்டார்.

அணி பொய்யா?

இது வெறும் தேர்வுக்கான கல்வி அன்று. சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் படித்த மாணவர்கள், அரபு நாட்டில் வெள்ளம் பெருகும் ஆறு ஏது, நெல் வயல் ஏது, உமறுப் புலவர் பொய்யல்லவா பாடியிருக்கிறார் என்று கேட்கிறார்கள். இக்கேள்வியோடு அந்நூலை மூடிவைப்போரும் உளர். மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்ட நம் பெருங்காப்பியம் இப்படித்தான் கைவிட்டுப் போகிறது. தண்டியலங்காரத்தின் பொதுவணியியலைப் படித்தவர்க்கு இந்த ஐயம் எழாது. மலை, கடல், நாடு, நகர், பருவம், கதிரவனும் திங்களும் தோன்றுதல் ஆகியவற்றைப் புனைவது பெருங்காப்பிய மரபு என்று அது சொல்கிறது. மழையும் ஆறும் விளைச்சலும் தமிழ்ப் புலவனுக்கு வளத்தைக் குறிக்கும் மொழி. அண்ணலார் பிறந்த மண் அருள் பெற்ற மண் என்பதைத் தமிழர்க்குச் சொல்ல உமறுப் புலவர் நெல் வயலைக் கொண்டார். அது நிலநூல் செய்தி அன்று. மதிப்பைச் சொல்லும் முறை.

அணி பொய்யா என்ற கேள்வி நம் முன்னோர்க்கும் எழுந்ததே. இப்னு குதைபா (மறைவு 889) அதற்குப் பதில் சொன்னார்: மஜாஸ் பொய்யென்றால் மரம் உயர்ந்தது, விலை இறங்கியது என்னும் நம் அன்றாடப் பேச்சும் பொய்யாகிவிடும். இப்னு தைமிய்யா (மறைவு 1328) மஜாஸ் என்ற பிரிவையே ஏற்கவில்லை. ஆயினும், சொல் வரும் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது என்பதை அவரும் வற்புறுத்தினார். பெயரில் வேறுபட்டாலும், இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும் என்பதில் இருவரும் வேறுபடவில்லை. அந்தப் பயிற்சி இல்லாதவர் கையில் பாட்டு பொய்யாகிறது. வேதமும் தலையணைக் கீழ்க் கயிறாகிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியில் தமிழ் கற்பிப்போர் அணியின் பெயரை ஒரு வாரம் மறைத்து வைத்துப் பாட்டை மட்டும் படிக்கச் செய்யலாம். அரபுக் கல்லூரி உஸ்தாதுகள் பலாகா பாடத்தைத் தொடங்கும் நாளில் நன்னூலையும் சீறாவையும் மேசைமேல் வைக்கலாம். குலாம் காதிறு நாவலர் இரண்டையும் சேர்த்தே சுமந்தார்; அது அவருக்குப் பாரமாக இருக்கவில்லை. அதீ (ரலி) அவர்களின் கயிறுகளை நினைக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றுகிறது. தவறாகப் புரிந்துகொண்ட அவர் அதை மறைக்கவில்லை, காலையில் எழுந்து வந்து கேட்டார். அப்படிக் கேட்கும் மாணவன் நம்மிடமும் வருகிறான். அவனுக்கு இலக்கணத்தை ஒப்பிக்காமல், விடியலைக் காட்டும் ஆசிரியர்களாக நாம் இருக்க அல்லாஹ் அருள்வானாக.