ஐயமும் தெளிவும்: யாழ்ப்பாணத்துக் கல்வி, உளமருத்துவம் பற்றிய ஒரு நோக்கு

ஐயந்திரிபறக் கற்றல் என்பது தமிழ்க் கல்வி மரபு நெடுங்காலமாக வற்புறுத்தி வந்த இலட்சியமாகும். ஐயம், திரிபு என்பன அளவையியலின் கலைச்சொற்கள். மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறங்கேட்ட காதை, மெய்யறிவுக்குரிய அளவைகளைக் கூறுவதோடு அமையாது, அளவைபோலத் தோன்றும் போலிகள் எட்டினையும் எடுத்துரைக்கின்றது. அவற்றுள் ஐயமும் திரியக்கோடலும் மாத்திரமன்றித் தேராது தெளிதலும் இடம்பெறுவது மனங்கொளத்தக்கது. ஆராயாது கொண்ட உறுதியும் பிழையின் ஒரு வகையே என்பது இதனாற் புலனாகும். எனினும் நமது வகுப்பறைகள் ஐயத்தை அகற்ற முனைந்த அளவுக்குத் தேராத தெளிவை அகற்ற முனைந்தன என்று கூறுவதற்கில்லை. இதற்கான காரணத்தை நாம் சமூக வரலாற்றிலேயே தேடவேண்டும்.

1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1829 மார்ச் மாதத்தில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் முன்னறிவித்திருந்தது. செமினரி அதிபர் டானியல் பூவர் அக்கணிப்பை ஐரோப்பிய முறையிற் பரிசோதித்து, கிரகணம் தொடங்கும் நேரத்திலும் நீடிக்கும் காலத்திலும் மறைபடும் அளவிலும் பிழையுண்டெனக் கூறினார். வானம் பூவரின் பக்கமே நின்றது.

இந்நிகழ்ச்சியைப் பகுத்தறிவின் வெற்றியாகக் கொண்டாடுவோரும் அந்நிய ஆதிக்கத்தின் சூழ்ச்சியாகக் கண்டிப்போரும் உளர். இரண்டும் பாதி உண்மைகளே. கணிதப் பிழை கணிதத்தால் திருத்தப்பட்டவரை அது விஞ்ஞானம். அப்பிழையைக் கொண்டு ஒரு மக்கட் கூட்டத்தின் சமயமும் பண்பாடும் முழுவதும் பொய்யென நிறுவ முற்பட்டபோது, திருத்தியவர்களே தேராது தெளிந்தவராயினர். அவர்களது சொந்த நம்பிக்கைகள் அதே பரிசோதனைக்கு உட்படுத்தப்படவில்லை. மறுபுறம், இராகு கேதுக்களின் செயலாகவன்றி நிழலின் விளைவாகவே கிரகணத்தை விளக்கிய சித்தாந்த வானியல் இந்திய மரபிலேயே இருந்தது. 1848இல் ஹென்றி ஹொய்சிங்டன் அவ்வானியலை மொழிபெயர்த்து யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். மரபு என்பது ஒருமுகப்பட்டதன்று. விமரிசனத்தின் வித்துக்கள் அதனுள்ளேயே இருந்தன.

அதே 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். மிஷனரிமாரை எதிர்த்த அவர், அவர்களது அச்சையும் பாடசாலை அமைப்பையும் வினாவிடை வடிவத்தையும் கையேற்றார். தமிழ் உரைநடைக்கும் பதிப்புத்துறைக்கும் இதனாற் கிடைத்த பயன் பெரிது. ஆயின் வினாவிடையில் வினாவும் ஆசிரியருடையது, விடையும் ஆசிரியருடையது. குடியேற்ற ஆட்சியில் உத்தியோகத்துக்கு வழியாக அமைந்த பரீட்சையும் இவ்வடிவத்தையே வலுப்படுத்திற்று. மனப்பாடஞ் செய்த விடை ஊதியமாக மாறக்கூடிய சமுதாயத்தில் ஐயம் வீண்செலவாகவே கருதப்படும்.

கற்கத் தகுதியுடையோர் யார் என்பதிலும் இத்தேராத தெளிவு தொழிற்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் சம ஆசனம் பெறுவதை எதிர்த்து 1930ஐ அண்டிய ஆண்டுகளிற் குடாநாட்டிலே பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. எரித்தவர்களிடம் குறைவாக இருந்தது உறுதியன்று, ஐயமே.

இவ்விடத்தில் உளமருத்துவத்தை நோக்குவது பொருத்தமாகும். சான்றுகளால் அசைக்கவியலாத, தவறான, உறுதியான நம்பிக்கையை உளமருத்துவம் நோய்க்குறியாகக் கொள்கின்றது. ஆனால் ஒருவர் வாழும் பண்பாட்டினர் யாவரும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையை அது பொதுவாக விலக்கிவிடும். மருத்துவ நோக்கில் இவ்வெச்சரிக்கை அவசியமானதே. மாறுபட்ட பண்பாட்டினரைப் பித்தரென முத்திரையிடுவதை அது தடுக்கும். எனினும் அதன் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். சாதி மேன்மை பற்றிய நம்பிக்கை எத்துணைப் பொய்யாயினும், பலர் பகிர்ந்துகொள்வதால் நோயாகாது. தனியாள் பிழையை மருத்துவர் அணுகலாம். சமுதாயத்தின் பிழையைச் சமுதாய விமரிசனமும் போராட்டமுமே அணுகமுடியும்.

1983 முதல் 2009 வரையான போர்க்காலம் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. தம்மை யாரோ பின்தொடர்கின்றனர் என ஒருவர் அஞ்சினால் அது பிறழ் நம்பிக்கையா, மெய்யான ஆபத்தா? ஆட்கள் காணாமற் போய்க்கொண்டிருந்த மண்ணில் இதற்குப் பாடநூல் மாத்திரம் விடை கூறாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பேரிடர்களாற் பாதிக்கப்பட்ட வடபகுதி மக்களின் துயரைத் தனியாள் நோயாக மட்டும் காண்பது போதாதென்றும், குடும்பமும் சமூகமும் கூட்டாகக் காயப்படுகின்றன என்றும் 2007இல் வெளிவந்த தமது ஆய்விலே காட்டினார். மேற்கில் உருவான கருத்தாக்கத்தை அவர் ஒதுக்கவுமில்லை, அப்படியே ஒப்பவுமில்லை. இம்மண்ணின் அனுபவத்தில் வைத்துச் சோதித்தார். கிரகண வரலாற்றிற் காணப்படாத பண்பு இதுவாகும்.

ஐயமே முடிந்த முடிபு என்பது நமது கருத்தன்று. யாவற்றையும் ஐயுற்றுச் செயலற்றிருப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. அறிவின் உரைகல் நடைமுறையே. பஞ்சாங்கத்துக்கு வானம் உரைகல்லாயிற்று. மருத்துவத்துக்கு நோயாளரின் வாழ்வும், கல்விக்கு இதுவரை வாசலில் நிறுத்தப்பட்டோரின் முன்னேற்றமும் உரைகற்களாகும். பிழைவிடும் மாணவனைத் தண்டிக்கும் வகுப்பறை, பிழையை ஒப்புக்கொள்ள அஞ்சும் சமுதாயத்தையே உருவாக்கும். மாற்றுக்கருத்துடையோரைத் துரோகிகளென ஒதுக்கிய காலத்தை அனுபவித்த நாம், அவ்வச்சத்தின் விலையை நன்கறிவோம். தேராது தெளிதலைப் பிழையென உணர்த்தும் கல்வியே இன்று நமக்கு வேண்டப்படுவது.