ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரலாறு உண்டு

ஞாயிற்றுக்கிழமையின் அருமையை மாணவ நண்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி மணி அடிக்காத அந்தக் காலையில் கதிரவனும் சற்றுத் தாமதித்தே எழுவதுபோலத் தோன்றும். இரவு வருவதுபோலவும் பகல் வருவதுபோலவும் இந்த ஓய்வு நாளும் தானாகவே வருகிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், இரவும் பகலும் இயற்கை வகுத்தவை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது மனிதர் வகுத்தது. உழைப்பவர் அனைவருக்கும் அது உரிமையாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றின் ஒரு பகுதியைப் பிரெஞ்சு நாட்டின் சில ஓவியங்களில் நாம் கண்ணாரக் காணலாம்.

பழைய ஐரோப்பிய ஓவியர்கள் பெரிய துணிகளில் தெய்வங்களையும், மன்னர்களையும், போர்க்களங்களையுமே பெரும்பாலும் தீட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1837-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்து ஒரு புகைவண்டிப் பாதை மேற்கு நோக்கி ஓடத் தொடங்கியது. காலப்போக்கில், நகரத்து மக்கள் விடுமுறை நாளில் செய்ன் நதிக்கரைக்குச் சென்று மாலையில் திரும்புவது எளிதாயிற்று. அவர்கள் படகு விட்டார்கள், நீராடினார்கள், மர நிழலில் அமர்ந்தார்கள். இளம் ஓவியர்களின் கண்கள் அவர்கள்மீது சென்றன. ரெனுவார் என்னும் ஓவியர் 1876-இல், பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஞாயிறு பிற்பகலில் நிகழும் நடனக் கூட்டத்தைத் தீட்டினார். இலைகளின் ஊடே விழும் வெயில் ஆடுவோரின் தோள்களில் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கிறது. எல்லா முகங்களிலும் மகிழ்ச்சி.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், ஜார்ஜ் சூரா என்ற மற்றோர் இளைஞர் அதே ஓய்வை வேறு விதமாக நோக்கினார். 1884-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 24. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள துணியில், ஆஸ்னியேர் என்னுமிடத்தில் ஆற்றங்கரையில் இளைப்பாறும் ஆடவரையும் சிறுவரையும் அவர் தீட்டினார். அவர்கள் எளிய மக்கள். களைந்த உடைகளும் காலணிகளும் புல்மீது குவிந்து கிடக்கின்றன. பின்னால் கிளிஷி வட்டாரத்து ஆலைகளின் புகைபோக்கிகள் புகைகின்றன. மன்னர்களுக்கு உரிய பேரளவில் உழைப்பாளிகளா என்று எண்ணினார்களோ என்னவோ, அரசுச் சார்புடைய கண்காட்சியின் நடுவர்கள் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். இன்று அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று.

அந்த ஓவியத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த சிறுவன் ஒருவன், நீரில் நின்று, கைகளை வாயருகே குவித்து எதிர்த்திசை நோக்கிக் கூவுகிறான். அத்திசையில் இருப்பது கிராந்த் ஜாத் என்னும் தீவு. நடுவே ஒரு படகு, உயர்ந்த தொப்பியணிந்த கனவானையும் குடை பிடித்த சீமாட்டியையும் ஏற்றிச் செல்கிறது. சூரா தமது அடுத்த பேரோவியத்தை அந்தத் தீவிலேயே அமைத்தார். 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு' என்பது அதன் பெயர். அதற்காகப் பல முறை தீவுக்குச் சென்று எத்தனையோ முன்வரைவுகள் தீட்டினார். 1886 மே மாதத்தில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. 1926 முதல் சிக்காகோ நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

வண்ணங்கள் அருகருகே அமையும்போது ஒன்றையொன்று எவ்வாறு மாற்றிக் காட்டுகின்றன என்பதை ஷெவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர் 1839-இல் ஒரு நூலாக எழுதியிருந்தார். அந்த ஆராய்ச்சியைச் சூரா கற்றார். வண்ணங்களைக் குழைத்துப் பூசுவதற்குப் பதிலாகச் சிறு சிறு புள்ளிகளாக இட்டு, பார்ப்பவர் கண்ணிலேயே அவை கலக்குமாறு செய்தார். வெயிலைக் காட்ட அவர் இட்ட ஒருவகை மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிவிட்டது. இன்று நாம் காண்பது சற்று மங்கிய வெயில்தான்.

அத்தீவில் பலவகை மக்கள் ஒரே நிழலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கையில்லாச் சட்டையுடன் சாய்ந்து புகைபிடிக்கும் படகோட்டியின் அருகே, கைத்தடியுடன் கனவான் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஆயினும் எவரும் எவரோடும் பேசுவதாகத் தோன்றவில்லை. இன்னொன்றையும் கூர்ந்து பார்க்கவேண்டும். இடப்புறத்தில், நமக்கு முதுகு காட்டி, தலையணியில் சிவப்புப் பட்டை தொங்க ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் கூலிக்கு அமர்த்தப்பட்ட செவிலி. ஊரெல்லாம் ஓய்ந்திருக்கும் அந்த ஞாயிறன்றும் அவளுக்கு வேலை நாள்தான்.

இஃது ஓவியரின் கற்பனை மட்டுமன்று. ஞாயிறன்று வேலை செய்வதைத் தடுத்த பழைய சட்டம் ஒன்று 1814 முதல் பிரான்சில் இருந்தது. சமயக் கட்டுப்பாடாக எழுந்த அதனை 1880-இல் குடியரசு அரசாங்கம் நீக்கியது. சமயச் சுதந்திரம் என்ற நோக்கில் அது சரியே. ஆனால், அதன் இடத்தில் உழைப்பவரைக் காக்க வேறு பொதுச் சட்டம் வரவில்லை. வயதுவந்த தொழிலாளரை ஏழு நாளும் வேலை வாங்க முதலாளிக்குத் தடையில்லாமற் போயிற்று. சூரா தமது ஞாயிற்றைத் தீட்டிய ஆண்டுகள் இவையே. கடைச் சிப்பந்திகளும் பிற தொழிலாளரும் நெடுங்காலம் போராடிய பின், 1906 ஜூலை 13-ஆம் நாள், ஆறு நாள் உழைத்தவருக்குத் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு தரவேண்டும் என்ற சட்டம் பிறந்தது. 1936-இல் வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்ற விதி வந்தபின், சனிக்கிழமையும் பலருக்கு ஓய்வு நாளாகத் தொடங்கியது.

சூரா இவற்றைக் காணவில்லை. 1891-இல், 31-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஆற்றில் நின்று கூவும் அந்தச் சிறுவனுக்கு 1884-இல் பத்து வயது என்று வைத்துக்கொண்டால், ஓய்வு உரிமையானபோது அவனுக்கு 32 வயது ஆகியிருக்கும். தன் இளமை முழுவதையும் அவன் உரிமையற்ற ஞாயிறுகளோடு கழித்திருப்பான்.

ஆகவே நண்பர்களே, ஓய்வைக் காட்டும் ஓவியம் ஒன்றைக் காணும்போது, அதன் அழகில் திளையுங்கள். பிறகு ஒரு கேள்வியும் கேளுங்கள்: இந்தப் படத்தில் ஓய்வின்றி இருப்பவர் யார்? வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டிலும் தெருவிலும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.