தீ எந்தப் பக்கம் எரிகிறது? - கோவா ஊர்வலப் படம்

வரலாற்றுப் புத்தகத்தில் படம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். ஆனால் சில படங்களை வரி வரியாகப் படிக்க வேண்டும். அப்படி ஒன்று, கோவாவில் போர்ச்சுகீசியர் நடத்திய மத விசாரணை ஊர்வலத்தைக் காட்டும் செப்புத்தகட்டுப் படம்.

கோவாவில் இந்த விசாரணை மன்றம் 1560ல் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 1812ல் முழுவதுமாக ஒழிந்தது. சார்லஸ் டெலோன் என்ற பிரெஞ்சு மருத்துவரை 1673ல் டாமனில் கைது செய்தார்கள். 1676 ஜனவரி 12ல் அவரும் அந்த ஊர்வலத்தில் நடந்தார். சொத்து பறிமுதல், ஐந்தாண்டு கடும் உழைப்பு என்று தீர்ப்பு. 1677ல் விடுதலையானதும் தன் கதையை எழுதினார். 1687ல் வெளிவந்த அந்தப் புத்தகம் ஐரோப்பா முழுவதும் பரவியது. பிறகு ஆம்ஸ்டர்டாமில் பெர்னார்ட் பிக்கார்ட், உலக மதச் சடங்குகள் பற்றிய தன் பெரிய படத் தொகுப்பில் (1723 முதல்) இதே காட்சிகளைச் செதுக்கினார்.

சரி, படத்துக்கு வருவோம். முன்னால் புனித தோமினிக் உருவம் தைத்த கொடி. ஒரு கையில் வாள், மறு கையில் ஒலிவக் கிளை. அதன் பின்னால் தண்டனை பெற்றவர்களின் நீண்ட வரிசை. நடுவில் ஒரு பெரிய சிலுவை. அதிலுள்ள இயேசுவின் முகம் முன்னால் போகிறவர்களைப் பார்க்கிறது. அவர்களுக்கு உயிர் மிஞ்சும். சிலுவையின் முதுகைப் பார்த்து நடப்பவர்களுக்கு மரணம். ஒரு வரிசையை இரண்டாகப் பிரிக்க ஒரு சிலுவையின் திசையே போதுமாக இருந்திருக்கிறது!

தனி ஆட்களைக் காட்டும் படங்களிலும் இதே உத்திதான். எரிக்கப்படப் போகிறவனின் அங்கியில் தீ மேல்நோக்கி எரிகிறது, சுற்றிலும் பேய்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தப்பியவனின் அங்கியில் அதே தீ தலைகீழாக இருக்கிறது. துணியின் நிறம் கறுப்பு மையில் வராது. அதனால் நிறம் சொல்ல வேண்டியதைக் கோட்டின் திசை சொல்லிவிடுகிறது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வவுச்சர் வந்தால், கொடுத்தது யார் என்று முதலில் பார்ப்போம். பிக்கார்ட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கத்தோலிக்க மதத்தை விட்டுப் புராட்டஸ்டண்டாக மாறியவர். எனவே இந்தப் படத்தை நேரில் பார்த்த சாட்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகப் பொய் என்று தள்ளவும் முடியாது, அடியில் டெலோனின் அனுபவம் இருக்கிறது. நம் பக்கத்திலும் இது நடந்தது. சென்னைக் கோட்டையில் கத்தோலிக்கருக்குக் குருவாக இருந்த கப்புச்சின் பாதிரியார் எப்ரேமை 1649ல் சாந்தோமில் பிடித்து இதே கோவாவுக்குத்தான் கொண்டுபோனார்கள்.

டெலோன் நடந்த அன்று எரிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் இந்த மண்ணின் கிறிஸ்தவர்கள். மாந்திரீகம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பிரெஞ்சுக்காரர் பிழைத்தார், புத்தகம் எழுதினார், அவர் பெயர் நின்றது. இந்த இருவரும் சிலுவையின் முதுகுக்குப் பின்னால், பெயரில்லாத உருவங்களாக மட்டுமே நிற்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால், கொடியோடு நிறுத்திவிடாமல் வரிசையின் கடைசி வரை பாருங்கள்.