கொம்புப் பெட்டியும் கொம்பறுத்த கையும்

பழைய மரப்பெட்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பெட்டி முடிந்த இடத்திலிருந்துதான் எழுதத் தொடங்குகிறார்கள். என்ன மரம், எந்த ஊர் வேலை, எந்தத் துரைக்காகச் செய்தது, இப்போது எந்த மியூசியத்தில் இருக்கிறது - இதுதான் வரிசை. செய்தவன் பேர் பெரும்பாலும் இருக்காது. செய்தவன் கைக்கு அந்தப் பொருள் எந்தெந்தக் கைகளைத் தாண்டி வந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதனால் ஒரு பெட்டியைப் பின்பக்கமாகத் திறந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அது விசாகப்பட்டினத்துப் பெட்டி.

1953இல் ஆந்திரம் பிரிகிறவரை விசாகப்பட்டினம் சென்னை மாகாணத்து ஊர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே பண்டகசாலை போட்டது. துணி வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் அந்த ஊர் மரவேலையையும் பார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் தங்கள் நாட்டு நாற்காலி, மேசை, அலமாரிகளைத் தந்தம் இழைத்துச் செய்யச் சொல்லி வாங்கினார்கள். பிறகு பெட்டிகள் வந்தன. எழுதுபெட்டி, தையல்பெட்டி, தேயிலைப்பெட்டி, வீடு மாதிரி கூரை வைத்த பெட்டி என்று பல வகை. செய்தவர்கள் கம்சாலிகள். நம்ம பக்கம் கம்மாளர் என்கிறோமே, அந்தத் தொழிற்சாதியார்.

வேலை அற்புதமான வேலை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தொடக்க காலத்தில் ஈட்டி, கருங்காலி மாதிரியான மரத்தில் பூவும் கொடியும் வரைந்து, உளியால் பள்ளம் எடுத்து, அதே அளவுக்கு அறுத்த தந்தத்துண்டைப் பதித்தார்கள். தந்தத்தின் மேல் மெல்லிய கோடுகள் கீறி, கறுப்பு அரக்கை உருக்கி ஊற்றி, மேலே நிற்பதைச் சுரண்டிவிட்டால் கோட்டுக்குள்ளே மட்டும் கறுப்பு தங்கும். இலையின் நரம்புகூடத் தெரியும். நூற்றாண்டின் பிற்பகுதியில் முறை மாறியது. சந்தனக்கட்டையில் கூடு செய்து, அதன் மேல் முழுக்கத் தந்தத் தகடு ஒட்டி, சின்னச் சின்னத் தந்த முளைகளால் இறுக்கினார்கள். அச்சடித்த ஐரோப்பியப் படங்களைப் பார்த்து, கண்ணால் கண்டிராத மாளிகைகளைக்கூடக் கீறினார்கள்.

19ஆம் நூற்றாண்டில் பெட்டியின் முகம் இன்னொரு தடவை மாறியது. தந்தத்தோடு எருமைக்கொம்பு, மான்கொம்பு, ஆமையோடு, முள்ளம்பன்றி முள் எல்லாம் சேர்ந்தன. உள்ளே சந்தன வாசனை. வெளியே கறுப்பாக மினுங்குகிற கொம்பு. ஓரமெல்லாம் சல்லடை மாதிரி துளைத்த தந்தப் பின்னல். சீமையில் நல்ல கிராக்கி. இன்றைக்கும் லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் மியூசியத்தில் விசாகப்பட்டினத்து வேலையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஏலக்கடைகளில் பெரிய விலைக்குப் போகிறது.

நான் கேட்கிற கேள்வி அந்தக் கறுப்புக் கொம்பைப் பற்றியது.

கொம்பு சும்மா வராது. எருமையின் கொம்புக்குள்ளே எலும்பு இருக்கிறது. மண்டையிலிருந்து கொம்பை அறுத்தெடுத்து நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கிற சதை அழுகி, எலும்பு கழன்று வரும். அந்த நாற்றத்தை ஒரு தடவை மோந்தவன் சாகிறவரை மறக்கமாட்டான். அதற்கப்புறம்தான் கொம்பு கொம்பாகிறது. நெருப்பில் காட்டினால் இளகும். இளகின சூட்டோடு பிளந்து, விரித்து, அழுத்தினால் தகடாகும். சூடு கூடினால் கருகும். குறைந்தால் வெடிக்கும். பிறகு சுரண்டி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் கண்ணாடி மாதிரி முகம் தெரியும்.

இதில் முதல் பாதியைச் செய்தது யார்? ஊரில் செத்த மாட்டையும் எருமையையும் இழுத்துப்போய் உரிக்கிற வேலையை ஆந்திரத்தில் மாதிகர் தலையில் கட்டியிருந்தது சாதி. தமிழ்நாட்டில் சக்கிலியர், பறையர் தலையில். அதைத் தொழில் என்று சொல்வதே பொய். கூலி பேசிச் செய்கிறதுதான் தொழில். மாட்டேன் என்றால் அடி விழுகிறதற்குப் பேர் அடிமைத்தனம். எங்க தாத்தா மாடு தூக்கினவர். எங்கப்பா சொல்வார்: "செத்த மாட்டு வாடை நம்ம தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஊர்க்காரன் குரல் வந்துரும்டா. சோத்துல கை வெச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போகணும்."

அந்தக் கை தொட்ட கொம்புதான் துரைசாணி மேசைக்குப் போனது. நம்ம ஊர் ஜமீன் வீட்டுக்குள்ளும் போனது. தேய்த்து மெருகேற்றினதும் கொம்புக்குத் தீட்டுப் போய்விட்டது. மாட்டுக்கொம்பு சுத்தமாகலாம், மனுசன் கை ஆகக்கூடாது. சாதியின் தந்திரம் இதுதான். தீட்டு பொருளில் இருப்பதாகச் சொல்வார்கள். பொருள் தேவைப்பட்டதும் அதை ஆள் மேல் மாற்றி வைத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலங்கை - இடங்கை என்று தென்னிந்தியச் சாதிகளை இரண்டாகப் பிரித்திருந்த காலத்தில் கம்மாளர் இடங்கை. சக்கிலியரும் மாதிகரும் இடங்கைதான். கொம்பை உரித்தெடுத்தவனும் கொம்பை இழைத்தவனும் கணக்கில் ஒரே பக்கம். ஆனால் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததில்லை. கம்மாளர் பூணூல் போட்டு, தாங்களும் விசுவப் பிராமணர்தான் என்று வழக்காடினார்கள். பார்ப்பனர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே இருக்கிறவன் தன்னைத் தள்ளுகிறான் என்று தெரிந்தும் கீழே இருக்கிறவனைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. பாபாசாகேப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை இந்த ஒரு பெட்டிக்குள்ளேயே பார்க்கலாம். உழைப்பாளிகள் எல்லாம் ஒன்று என்று மேடையில் பேசுகிற தோழர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசினால் நல்லது.

சரி, கொம்பு கொடுத்தவன் வீட்டில் பெட்டி இருந்ததா? பெட்டி எதற்கு? நகை வைக்க, பட்டு வைக்க, பத்திரம் வைக்க. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியார் நம் மக்கள் மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. பெண்கள் மேலே துணி போட்டு மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறின இடங்களில் குடிசைகள் எரிந்தன. இதெல்லாம் அரசாங்கப் பதிவுகளிலேயே இருக்கிறது. பெட்டிக்குள் வைக்கக்கூடிய நகையும் துணியும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். எங்க பாட்டிக்கு ஒரு பானையும் முந்தானை முடிச்சும்தான் பெட்டி. அவளுக்கு ரசனை இல்லை என்று எந்தக் கலை விமர்சகனாவது சொல்வானா?

இந்த இடத்தில் நமக்குள்ளேயே ஒரு வாதம் இருக்கிறது. தோல், கொம்பு, பறை எல்லாம் நம்ம கலை, அதைப் பெருமையாகச் சொல்லவேண்டும் என்கிறார்கள் சிலர். அந்த நாற்றத்தையே நினைக்கக்கூடாது, நம்ம பிள்ளைகள் அதைக் கேட்கவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டைத் தூக்காதே, அதன் கறியைத் தின்னாதே என்று நம் மக்களுக்குச் சொன்னார். அது சுத்தம் பற்றிய புத்திமதி இல்லை. ஊரின் கட்டளையை மறுக்கச் சொன்ன அரசியல். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டை உரித்த நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்குள்ள தலித்துகள் செத்த மாடுகளை அரசாங்க அலுவலகத்து வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தூக்கமாட்டேன் என்றாலும் அடி, தூக்கி உரித்தாலும் அடி என்கிற நாட்டில் அதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

நான் மறுத்தவர்கள் பக்கம். ஆனால் வேலையை மறுப்பது வேறு, அந்த வேலையில் இருந்த அறிவை மறுப்பது வேறு. எந்தக் கொம்பு விரியும், எது வெடிக்கும், எத்தனை நாள் ஊறணும், கத்தி எங்கே இறங்கணும் என்பதெல்லாம் படிப்பு. பள்ளிக்கூடத்துக்குள் விடாதவர்கள் நம்மிடம் இருந்த அந்தப் படிப்பை நாற்றம் என்று எழுதி வைத்தார்கள். யானைத் தந்த வியாபாரத்தை 1986இலும், ஆப்பிரிக்கத் தந்தத்தை 1991இலும் இந்தியச் சட்டம் தடுத்துவிட்டது. ஆமையோட்டுக்கும் தடை. எருமைக்கொம்பு வேலை மட்டும் ஒடிசாவின் பர்லாகெமுண்டி, உத்தரப் பிரதேசத்தின் சம்பல் போன்ற ஊர்களில் மிஞ்சியது. அங்கேயும் மெருகேற்றினவனுக்கு விருது உண்டு. உரித்தவனுக்குப் பேர் கிடையாது.

வரலாறு படிக்கிற நம் மாணவர்கள் மியூசியத்துக்குப் போகிறபோது பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கிற சீட்டைப் படியுங்கள். 'சந்தனம், தந்தம், கொம்பு' என்று இருக்கும். கொம்பு என்கிற அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வாருங்கள். எழுபது, எண்பது வயதில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். கூச்சப்படுவார்கள், "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ" என்பார்கள். விடாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவர்கள் போய்விட்டால் சீட்டில் இருக்கிற மூன்று சொல்தான் வரலாறாக நிற்கும்.