‘லிக்கர்’: பேச்சில் சுருங்கிய சொல், சட்டத்தில் விரிந்த சொல்

ஆங்கிலத்தில் மதுவைக் குறிக்கும் சொற்களுள் ‘லிக்கர்’ தனித்த வரலாறு உடையது. பேச்சுவழக்கில் அதன் பொருள் படிப்படியாகச் சுருங்கி வந்தது. சட்ட வழக்கில் அதே சொல் விரிந்துகொண்டே போனது. இவ்விரு போக்குகளும் மோதிய இடங்களில் வரி, தொழில், தண்டனை மூன்றும் வழக்குகளாயின. அகராதியைப் புரட்டி அந்த வழக்குகளைத் தீர்க்க முடியாது. அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கும் அரசமைப்பில் இச்சொல் அகலமாக இருக்கலாம். குடிமக்களைத் தண்டிக்கும் சட்டத்திலோ அதன் எல்லை அளவாலும் பயனாலும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேச்சில் சுருக்கம்

இலத்தீனில் இச்சொல்லுக்கு நீர்மம் என்றுதான் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அப்பொருளே நின்றது. 14-ஆம் நூற்றாண்டில் சாசர் ‘கான்டர்பரி கதைகள்’ முன்னுரையின் தொடக்கத்தில் செடிகொடிகளில் ஊறும் ஈரத்தையே இச்சொல்லால் குறித்தார். அந்தப் பழம்பொருள் தொழில்களில் இன்றும் அழியவில்லை. பிரிட்டனின் பீர் ஆலைகளில் ‘லிக்கர்’ என்றால் காய்ச்சுவதற்கான தண்ணீர். காகித ஆலைகளில் மரக்கூழை வேகவைத்தபின் எஞ்சும் கரிய கழிவுநீர்மம் ‘பிளாக் லிக்கர்’. கொக்கோ விதையை அரைத்தெடுக்கும் விழுது ‘சாக்லேட் லிக்கர்’; அதில் ஆல்கஹால் துளியும் இல்லை.

பொதுப்பேச்சில் இச்சொல் முதலில் மதுவகை அனைத்துக்கும் உரியதாயிற்று. பின்னர் அமெரிக்காவில் இன்னும் குறுகி, பீரும் ஒயினும் நீங்கலாக, வாலையில் வடித்த கடும் மதுவை மட்டும் குறிக்கத் தொடங்கியது. ‘பீர், ஒயின், லிக்கர்’ என்று மூன்றையும் தனித்தனியே அடுக்கிச் சொல்வது அங்கே இயல்பு. அதே கடும் மதுவுக்குப் பிரிட்டிஷார் ‘ஸ்பிரிட்ஸ்’ என்பார்கள்.

அடைமொழி காட்டும் உண்மை

பழைய சட்டங்கள் இச்சொல்லைத் தனியே நம்பவில்லை. லண்டன் ஏழைகளை ஜின் சீரழித்த காலத்தில், 1736-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் ‘ஸ்பிரிச்சுவஸ் லிக்கர்’ என்று அடைமொழி சேர்த்தே எழுதியது. வடித்த மதுவைச் சில்லறையாக விற்போரே அதன் இலக்கு. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784-இல் எழுதிய புகழ்பெற்ற நூலும் வடித்த மதுவையே சாடியது. அளவான பீரையும் ஒயினையும் அவர் பகைக்கவில்லை. மதுவிலக்கு இயக்கம் வலுத்து, எல்லா மதுவையும் ஒழிக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தபோது, வகையைச் சுட்டிய அடைமொழி போய் விளைவைச் சுட்டும் அடைமொழி வந்தது: ‘போதை தரும் லிக்கர்’. எது போதை தரும், எவ்வளவில் தரும் என்ற கேள்வியும் அதனோடு சட்டத்துக்குள் நுழைந்தது.

அமெரிக்கச் சான்று

1919 ஜனவரியில் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் 18-ஆம் திருத்தம் ‘போதை தரும் லிக்கர்’ தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது. எது அந்த லிக்கர் என்று சொல்லவில்லை. விஸ்கிதான் போகும், பீர் தப்பிவிடும் என்று எண்ணியோர் பலர். அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் வில்சனின் மறுப்பாணையை மீறி நிறைவேறிய வோல்ஸ்டெட் சட்டம், 0.5 விழுக்காடு ஆல்கஹால் இருந்தாலே அது போதை தரும் லிக்கர் என்று வரையறுத்தது. 1920-இல் உச்ச நீதிமன்றமும் அந்த வரையறையை ஏற்றது. 1933 மார்ச்சில் நாடாளுமன்றம் எடையளவில் 3.2 விழுக்காடு வரையுள்ள பீரை அனுமதித்தது. 18-ஆம் திருத்தம் ரத்தானதோ அந்த ஆண்டு டிசம்பர் 5-இல்தான். அந்தத் திருத்தத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, அதே சொல் 1919-இல் பீரை உள்ளே இழுத்தது. 1933-இல் வெளியே விட்டது. மாறியது சட்டம் எழுதிய எண் மட்டுமே. அந்த எண் வெளிப்படையாக இருந்ததால், அதை மாற்றக் கோரி மக்களும் வெளிப்படையாகப் போராட முடிந்தது.

இந்தியச் சான்று

இந்திய அரசமைப்பு ஒரே பொருளைச் சுற்றி மூன்று தொடர்களைப் பயன்படுத்துகிறது. 47-ஆம் பிரிவு போதை தரும் பானங்களைப் பேசுகிறது. மாநிலப் பட்டியலின் 8-ஆம் பதிவு ‘போதை தரும் லிக்கர்’ என்கிறது. 51-ஆம் பதிவோ மனிதர் அருந்துவதற்கான ஆல்கஹால் லிக்கருக்கு ஆயத்தீர்வை விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. 8-ஆம் பதிவில் ‘அருந்துவதற்கான’ என்ற சொல் இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலான வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியதே.

1951-இல் பால்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆல்கஹால் கலந்த நீர்மங்கள் அனைத்தும் இச்சொல்லுக்குள் அடங்கும் என்றது. ஆனால் மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் வைத்திருப்பதைத் தடுத்த பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் பகுதிகளை அதே தீர்ப்பில் செல்லாதவை ஆக்கியது. 1989-இல் சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, அருந்தத்தக்கது மட்டுமே என்று சொல்லைக் குறுக்கியது. 2024 அக்டோபர் 23-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மீண்டும் விரித்தது: எரிசாராயம் உள்ளிட்ட தொழிற்சாலை ஆல்கஹாலும் ‘போதை தரும் லிக்கரே’. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். பெரும்பான்மையினரும் ஓர் எல்லை வகுத்தனர்: அந்த ஆல்கஹாலைக் கொண்டு செய்த கைகழுவும் சானிடைசர் போன்ற இறுதிப் பொருள்கள் இச்சொல்லில் அடங்கா.

இந்த விரிவு தேவையானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. குடிப்பதற்காகச் செய்யப்படாத பொருள், குடிப்பவன் கைக்குப் போய்ச் சேரும் வழியில்தான் சாவு நேர்கிறது. அந்த வழியைக் கண்காணிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லையெனில் மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் பாதியாகிவிடும்.

எதிர்வாதமும் முடிவும்

எல்லையை எழுதிவைத்தால் குற்றவாளி அதைத் தாண்டி நழுவுவான், நெகிழ்வான சொல்லே பாதுகாப்பு என்று ஒரு வாதம் உண்டு. அது அதிகாரப் பகிர்வுக்குப் பொருந்தும், தண்டனைக்குப் பொருந்தாது. எது குற்றம் என்று தெரியாமல் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது நீதியன்று. இந்தச் சொல்லை நெடுங்காலம் சட்டத்தில் ஆண்ட பிரிட்டனே நல்ல வழி காட்டியிருக்கிறது. அதன் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம், ‘போதை தரும் லிக்கர்’ என்ற பழந்தொடருக்குப் பதிலாக ‘ஆல்கஹால்’ என்பதை வைத்தது, 0.5 விழுக்காட்டுக்கு மேற்படாத பானங்களை விலக்கியது; வாசனைத் திரவியம், மருந்து முதலியவை சேரா என்று பட்டியலும் இட்டது.

இந்திய மாநிலங்களுக்கு 2024 தீர்ப்பு அகன்ற அதிகாரத்தை உறுதிசெய்திருக்கிறது. அந்த அகலத்துக்கு ஏற்ற பொறுப்பும் அவற்றுக்கு உண்டு. தத்தம் மதுவிலக்கு, ஆயத்தீர்வைச் சட்டங்களில் விழுக்காட்டையும் பயன்பாட்டையும் விலக்குகளையும் அவை தெளிவாக எழுத வேண்டும். ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்க இன்னொரு அரை நூற்றாண்டு நீதிமன்றம் ஏறிக்கொண்டிருக்கத் தேவையில்லை.